திரைமேல் திரை

இனயம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே அமைந்த மீனவ ஊர். முன்னால் அரபிக்கடல், பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகள். கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்க்கும்போது தெரியும் இந்தக் காட்சிதான் பல தலைமுறைக் கடலோடிகளுக்கு வரைபடமாக இருந்தது. இன்று அதே கடலில் போகும் படகுகளில் ஜிபிஎஸ் கருவி, மீன் காட்டும் எதிரொலிமானி, வயர்லெஸ், கைப்பேசி, செயற்கைக்கோள் கருவி என ஒளிரும் திரைகள் பல. திரை என்ற சொல்லுக்குத் தமிழில் அலை என்றும் பொருள் உண்டு. அலையின் மேல் இந்த ஒளித்திரைகள் வந்து சேர்ந்த வரலாறு, பயனர் அனுபவ வடிவமைப்பு என்று இன்று பெயர் பெற்றிருக்கும் தொழிலின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி. பெருநகர அலுவலகங்களில் அந்தத் தொழிலைக் கற்பவர்கள் அதிகம் படிக்காத பகுதியும் இதுவே.

ஒரு கருவியைப் பயன்படுத்துபவர் யார், அவர் கை எங்கே இருக்கும், கண் எதைத் தேடும், எந்தச் சொல் அவருக்கு உடனே விளங்கும், தவறினால் என்ன இழப்பார் என்பதை முதலில் அறிந்து, பிறகு கருவியின் உருவத்தையும் அதன் திரையில் தோன்றுபவற்றையும் தீர்மானிப்பதே அந்தத் தொழில். ஆப்பிள் நிறுவனத்தில் 1993இல் சேர்ந்த டான் நார்மன் தம் பதவிப் பெயரிலேயே ‘பயனர் அனுபவம்’ என்ற தொடரைச் சேர்த்துக்கொண்ட பிறகு அது பரவியது. வேலை அதற்கு மிக முந்தியது. சார்லஸ் ஈம்சும் ரே ஈம்சும் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், நாட்டிலேயே சிறந்த வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக வீட்டுச் செம்பைக் காட்டினார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி அமர வேண்டும், ஊற்றும்போது எடை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் செம்பு விடை சொல்கிறது. அதை வடிவமைத்தவர் என ஒருவரைச் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பலர் திருத்தித் திருத்தி வந்தது அது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் பிறந்தது இந்த அறிக்கையின் அடியாகத்தான்.

இனயம் கரையில் செம்புக்கு இணையான பொருள் கட்டுமரம். மரத்தடிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, அலை உடையும் கரையிலிருந்தே கடலில் தள்ளி, திரும்பியதும் அவிழ்த்துக் காயவைக்கும் கலம் அது. தண்ணீர் ஏறினாலும் இடுக்குகள் வழியே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது, துறைமுகம் தேவையில்லை. ஆனால் மிதக்கும் கலத்தைவிட வியப்புக்குரியது, அதில் ஏறியவர்கள் மனத்தில் சுமந்த கணியம்.

கணியம் என்பது கடலில் ஓர் இடத்தைக் கண்ணாலேயே குறித்துக்கொள்ளும் முறை. கரையில் தனித்துத் தெரியும் கோயில் கோபுரம் ஒன்று (இக்கரையில் கோயில் என்றால் தேவாலயம்), அல்லது ஓர் உயரமான தென்னை. அதற்கு நேர் பின்னால் தொலைவில் ஒரு மலைமுகடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றால் அது ஒரு கோடு. வேறொரு திசையில் இதேபோல் இன்னொரு கோடு. இரு கோடும் வெட்டும் இடத்தில் கட்டுமரம் நின்றால் அடியில் பார் இருக்கும். பார் என்பது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு. ஆழத்தை ஈயக்குண்டு கட்டிய கயிறு சொல்லும். அளவு மார் அல்லது பாகம், அதாவது இரு கையையும் விரித்தால் வரும் நீளம். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்ற பெயர்கள். நீரோட்டத்துக்கு நீவாடு என்ற பெயர். கண்ணாலும் கையாலும் உடலாலும் படிக்கும் ஒரு முழு அமைப்பு இது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். பக்கத்து மரத்துக்காரருக்குச் சொல்லப்படாது. அதன் எல்லையும் தெளிவானது: மலை மறைந்தால் கணியமும் மறையும். மழைமூட்டத்திலும் இரவிலும், மலை தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடும் ஆழ்கடலிலும் அதற்கு வேலை இல்லை.

கடலோடிக்கு வெளியிலிருந்து செய்தி தர முயன்ற முதல் பெரிய அமைப்பு புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1865இல் கல்கத்தா துறைமுகத்தில் தொடங்கிய எச்சரிக்கை முறை பின்னர் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏற்றப்பட்டன. முழு வரிசையில் எண்கள் 11. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள புயலைக் குறிப்பவை. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அபாயத்தையும், எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேரபாயத்தையும் சுட்டுபவை. இந்த மூன்று மூன்று எண்களுக்குள் வேறுபாடு, புயல் துறைமுகத்தின் இடப்புறம் கடக்குமா, வலப்புறமா, அதன் மேலேயா என்பதைப் பற்றியது. பதினொன்றாம் கூண்டு வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்று அறிவிப்பது. துறைமுகத்துக்குள் நிற்கும் கப்பலின் தலைவருக்கு இது நல்ல வடிவமைப்பு. நங்கூரத்தை எப்போது தூக்குவது, எந்தப் பக்கம் விலகுவது என்று அவர் முடிவெடுக்க உதவும். கரையிலிருந்தே மரம் தள்ளும் ஊருக்கு அது எட்டாத மொழி. கம்பம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் எண்ணின் பொருள் அவர்களுக்காக வகுக்கப்பட்டதல்ல. இன்றும் செய்தித்தாள் படிக்கும் பலருக்கு மூன்றாம் எண்ணுக்கும் நான்காம் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு தெரியாது. பயனர் யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடை வைத்துக்கொண்டு அமைத்த கருவி, மற்றவர்களை எப்படி வெளியே நிறுத்தும் என்பதற்குக் கூண்டு ஒரு பழைய சான்று.

இதற்கு நேர்மாறான சான்று இனயத்துக்குக் கிழக்கே, இதே கரையில் உள்ள முட்டத்தில் கிடைக்கிறது. கட்டுமரத்துக்கு ஏற்ற பருத்த தடிகள் அரிதாகி விலையேறிய காலத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பொறியாளர் பியர் ஜில்லே மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகையால் வள்ளம் கட்டிப் பார்த்தார். அலை உடையும் கரையில் இறக்க முடிய வேண்டும், தண்ணீர் புகுந்தாலும் மிதக்க வேண்டும், நாலு பேர் மணலில் இழுத்து ஏற்ற முடிய வேண்டும், விலை கட்டுபடியாக வேண்டும் என்பவை கட்டுமரக்காரர்களின் தேவைகள். கட்டிய வள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோய், அவர்கள் குறை சொன்னதைத் திருத்தி, மறுபடி கட்டுவதாகவே அந்த வேலை நடந்தது. அந்த அனுபவத்தை ஜில்லே 1985இல் நூலாக எழுதினார். ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும் தலைப்பு கொண்ட அந்நூலை நாகர்கோவிலில் உள்ள பொருத்தமான தொழில்நுட்ப மையம் வெளியிட்டது. 1980இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது சிஃப்ஸ், படகுத்துறைகள் வழியே இவ்வகை வள்ளங்களைப் பெருக்கியது. வெளிப்பொருத்து இயந்திரம் மாட்டிய ஒட்டுப்பலகை வள்ளம் இந்தக் கரையின் முகத்தையே மாற்றிவிட்டது.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் ஸ்காண்டிநேவியாவில் அச்சுத் தொழிலாளர் சங்கங்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து யுடோப்பியா என்ற திட்டத்தை நடத்தினார்கள். செய்தித்தாள் அச்சகத்துக்குக் கணினி வரும்போது அதன் உருவத்தைத் தொழிலாளியே தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பங்கேற்பு வடிவமைப்பு என்று பாடநூல்கள் அதைக் கொண்டாடுகின்றன. முட்டத்து மணலில் நடந்ததற்கும் அந்த மரியாதை உரியது.

கணினி இந்தக் கடல்களை நெருங்கியது 1990களின் இறுதியில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வட்டாரத்தில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவ ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, ஊர் ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கணினி இருந்த இடம் ஒன்றுதான். அதன் செய்தி வலை பின்னுபவர் காதிலும், மீன் காயவைக்கும் பெண் காதிலும், படகு தள்ளுபவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. மீனவ ஊரின் அன்றாட ஒழுங்கோடு பொருந்திய வடிவம் அது. திரை ஓர் ஆளைத்தான் பார்க்கும், ஒலிபெருக்கி ஊரையே அழைக்கும் என்ற உண்மையைப் பின்னால் வந்த பல செயலிகள் மறந்தன.

1999இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், வேறொரு கொடையைத் தந்தது. செயற்கைக்கோள் அளக்கும் கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் ஒப்பிட்டு, மீன் கூடக்கூடிய பகுதிகளை அது கணிக்கிறது. அறிவியலாக இது பெருமைக்குரியது. அது கடலோடியைச் சென்றடைந்த வடிவம் ஓர் அட்டவணை: இறங்குதளத்தின் பெயர், திசை, பாகைக்கணக்கு, கிலோமீட்டரில் தொலைவு, மீட்டரில் ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை. தொலைநகலில், துறைமுகத்து மின்பலகையில், வானொலியில், பிறகு குறுஞ்செய்தியில் அது வந்தது. மாரில் ஆழத்தையும் நீவாட்டில் திசையையும் நினைப்பவர் ஒவ்வோர் எண்ணையும் தமக்குள் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அளவலகு என்பது வடிவமைப்பாளர் பலர் கடைசியில் கவனிக்கும் சிறு விஷயம். கடலில் அதுவே முதல் விஷயம்.

இக்கரையில் எளிதில் வேரூன்றிய கருவி ஜிபிஎஸ். அதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. 2000 மே 2ஆம் நாள் அமெரிக்க அரசு, பொதுமக்கள் பெறும் ஜிபிஎஸ் குறிப்பில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. அதுவரை ஏறக்குறைய 100 மீட்டர் வரை தவறிய இடக்குறிப்பு, சுமார் 10 முதல் 20 மீட்டருக்குள் துல்லியமானது. சிறிய பாரைத் தேடுபவருக்கு 100 மீட்டர் பிழை என்றால் வெறும் மணல். 10 மீட்டர் என்றால் மீன். கருவியின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. இருந்தும் ஒரு புள்ளியைச் சேமிப்பது, சேமித்த புள்ளிக்குத் திரும்புவது என்ற இரண்டு செயல்களைக் கற்றால் போதுமாக இருந்தது. அவை இரண்டும் கணியத்தின் செயல்களே. பழைய அறிவின் எலும்புக்கூட்டின் மேல் புதிய கருவி பொருந்தி உட்கார்ந்தது. மலை மறையும் இடத்திலும், இரவிலும், மழையிலும் அது வேலை செய்தது. கணியத்தைக் காத்த இரகசியம்கூட மாறவில்லை. பார்களின் புள்ளிகளைப் படகுக்காரர்கள் இன்றும் எளிதில் பகிர்வதில்லை.

கைப்பேசியின் கதையும் அப்படியே. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் வட கேரளக் கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி பரவிய விதத்தை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. கைப்பேசிக்கு முன் பிடித்த மத்தியில் 5 முதல் 8 விழுக்காடு வாங்க ஆளின்றி வீணானது. கடலிலிருந்தே விலை கேட்டு எந்தக் கரையில் இறக்குவது என்று தீர்மானிக்கும் வழி வந்ததும் அந்த வீணடிப்பு நின்றது. மீனவர் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர, வாங்குபவர் தந்த விலை 4 விழுக்காடு குறைந்தது. குரல் என்ற வடிவத்துக்கு எழுத்தறிவோ பயிற்சியோ வேண்டியதில்லை.

குரலிலிருந்து செயலிக்கு நகர்ந்தபோதுதான் வடிவமைப்பாளர் என்ற ஆள் உண்மையில் தேவைப்பட்டார். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குவால்காம் நிறுவனத்தின் துணையோடு உருவாக்கிய ‘மீனவ நண்பன்’ செயலி இதில் முன்னோடி. அலை உயரம், காற்று, மீன் கூடும் பகுதி, சந்தை விலை, அரசுத் திட்டங்கள், கடல் எல்லைக்கு அருகே போனால் எச்சரிக்கை ஆகியவற்றை மீனவர் மொழியிலேயே படங்களோடு அது தந்தது. முதலில் பழைய வகைக் கைப்பேசிகளில், பின்னர் ஆண்ட்ராய்டில் அது இயங்கியது. எழுத்தைச் சார்ந்திராத திரைகளைப் பற்றி பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவின் இந்திராணி மேதி வீட்டுப் பணிப்பெண்களோடு செய்த ஆய்வும் இதே காலத்தது. அசையாத பாத்திரப் படம் சமையலறை என்ற இடமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. குழாயிலிருந்து தண்ணீர் விழுவதாக வரைந்ததும் பாத்திரம் கழுவும் வேலை என்று புரிந்தது. படம் எல்லாருக்கும் ஒரே பொருள் தரும் என்ற நம்பிக்கையை இது உடைத்தது.

கன்னியாகுமரியில் சிக்கல் வேறு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் இது. இக்கரைக் கடலோடிக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்க நேரமும் கையும் இல்லை. ஒரு கை சுக்கானில் அல்லது வலைக்கயிற்றில், மற்றது உப்புநீரில் நனைந்து தொடுதிரைக்கு உணர்வற்றது. பகலில் வெயில் திரையை வெளுத்துவிடும். இரவில் திரை வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து இருட்டில் தெரியும் அலையை மறைக்கும். இயந்திர ஓசையில் எச்சரிக்கை மணி கேட்காது. திறந்த வள்ளத்தில் மழைபடாத அறை என்பதே இல்லை. தூத்தூர் வட்டார ஊர்களின் ஆழ்கடல் படகுகளுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் தங்கல் தொழிலுக்குப் போகும் இவர்கள் லட்சத்தீவு, குஜராத் கடல், தெற்கே டியகோ கார்சியாவின் விளிம்பு வரை செல்கிறார்கள். அங்கே பிரிட்டிஷ் காவல்படையிடம் சிக்கிய படகுகளும் உண்டு. எல்லை என்றதும் பாக் நீரிணையை மட்டும் நினைக்கும் எச்சரிக்கைத் திரை இவர்களுக்குப் பாதிதான் உதவும்.

இனயத்தின் பெயர் 2016 ஜூலையில் நாடெங்கும் அடிபட்டது. அங்கே பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது, கரையூர்கள் எதிர்த்து எழுந்தன, பின்னர் இடம் கிழக்கே கோவளம்–மணக்குடிப் பக்கம் மாற்றப்பட்டது. அந்தச் சலசலப்பு அடங்குமுன் ஒக்கிப் புயல் வந்தது.

2017 நவம்பர் 29 முற்பகலில் தென்மேற்கு வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். 30 அதிகாலை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அன்று முற்பகலிலேயே குமரிக் கடலில் புயல். 24 மணி நேரத்துக்குள் எல்லாம் நடந்தது. நூற்றுக்கணக்கான ஆழ்கடல் படகுகள் நாட்கணக்கில் முன்பே போயிருந்தன. அவற்றில் இருந்த வயர்லெஸ் பக்கத்துப் படகோடு பேச மட்டுமே போதும். கைப்பேசிக்கோ கரையை விட்டுச் சற்று விலகினாலே கோபுரம் எட்டாது. தமிழக, கேரளக் கரைகளில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், பலர் திரும்பவே இல்லை. டிசம்பர் 7ஆம் நாள் ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பத்தினர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். ‘புயல்’ என்ற சொல் அறிவிப்பில் எப்போது வந்தது என்பதைப் பற்றி அரசுகளுக்கு இடையே நெடிய விவாதம் நடந்தது. வானிலை அறிஞருக்குத் தாழ்வு மண்டலம் என்பது அளந்து வகுத்த ஒரு படிநிலை. ஆண்டுக்குப் பல முறை அதைக் கேட்டுப் பழகியவருக்கு அது வழக்கமான மழைச் செய்தி. ஒரு சொல்லின் தேர்வும் வடிவமைப்புதான், உயிர் அதில் தொங்கும்போது அதைவிடப் பெரிய வடிவமைப்பு வேலை வேறில்லை.

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் விரைந்து வந்தன. 2019 அக்டோபரில் இன்காய்சும் இந்திய விமான நிலைய ஆணையமும் ஜெமினி கருவியை வெளியிட்டன. ககன் என்ற இந்திய வழிகாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியே வரும் எச்சரிக்கையைப் பிடித்து, புளூடூத் மூலம் கைப்பேசியில் உள்ள செயலிக்கு அனுப்பும் சிறு பெட்டி அது. ஒன்பது மொழிகளில் செய்தி காட்டியது. வெளியானபோது விலை சுமார் 9,000 ரூபாய். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டியதும் அறுந்துபோகும் தொடர்பை அது மீட்டது. ஆனால் செய்தி ஒரு வழிதான். கரை பேசும், கடல் கேட்கும். இயந்திரம் நின்றுவிட்டது, ஆள் விழுந்துவிட்டார் என்று சொல்ல அதில் வழி இல்லை. கருவியை அமைத்தவர்கள் எச்சரிக்கையை விநியோகப் பொருளாக எண்ணினார்கள். கடலோடிகளுக்கு அது உரையாடல்.

இந்த வேறுபாட்டை முன்பே உணர்ந்த முயற்சி ஒன்று திருவனந்தபுரம் கரையில் நடந்தது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் மார்ட்டினும் குழுவினரும் தொடங்கிய ரேடியோ மான்சூன், வானிலை அறிவிப்பைத் தொலைபேசி, ஒலிபெருக்கி, இணையம் மூன்றிலும் கரையூர்களின் பேச்சுமொழியில் தந்தது. அறிவிப்பு கடலில் எப்படி இருந்தது என்று மீனவர்களிடமே திரும்பக் கேட்டது. பிறகு வந்த ஆய்வுகளில் மீனவர்கள் முன்னறிவிப்பைச் சோதிக்கும் பங்காளிகள் ஆனார்கள். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியும் முட்டத்து வள்ளமும் இதில் ஒன்றாகச் சந்திக்கின்றன.

இருவழிச் செய்தி கடைசியில் வந்தது. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில் இயங்கும் ‘கப்பல் தொடர்பு, உதவி அமைப்பு’ திட்டத்தின் நாடு தழுவிய விரிவாக்கத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட் 30ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைத்தார். 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஒரு லட்சம் படகுகளுக்குச் செய்தியனுப்பிகளை இலவசமாகப் பொருத்துவது திட்டம். ஒதுக்கீடு சுமார் 360 கோடி ரூபாய். நபமித்ரா என்ற செயலி வழியே கைப்பேசித் திரையில் கரையின் செய்தி மீனவர் மொழியில் தெரியும்; படகிலிருந்தும் ஆபத்துச் செய்தி கரைக்குப் போகும். ஒக்கியின்போது இல்லாதது இதுதான்.

இந்தத் திட்டங்களில் வேலை செய்யும் வடிவமைப்பாளருக்கான களம் ஹைதராபாத்திலோ பெங்களூருவிலோ உள்ள மேசை அல்ல. தேங்காய்ப்பட்டணம் துறையில் இரவு புறப்படும் படகு. நனைந்த கை பொத்தானைக் கண்டுபிடிக்கிறதா, நீவாடும் கச்சானும் திரையில் அந்தப் பெயரிலேயே வருகின்றனவா, ஆழம் மாரில் தெரிகிறதா, சிவப்பு எச்சரிக்கை இயந்திர ஓசைக்கு மேல் கேட்கிறதா என்று அங்கேதான் பார்க்க முடியும். கணியம் பார்க்கத் தெரிந்த முதியவர்கள் இக்கரை ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். குமரி மாவட்டத்தின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து கணினித் துறைக்குப் போகும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுத்த கருவியின் முதல் வரைவை இவ்விருவரும் ஒரே வள்ளத்தில் உட்கார்ந்து போடட்டும். அதற்கான பணத்தையும் காலத்தையும் ஒதுக்குவது அரசு நிறுவனங்களின் கடமை.